காற்றே போகாத சேற்றில் நுண்ணுயிர்கள் எப்படி வாழ்கின்றன?

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2023

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் குறிப்பேட்டில், “எல்லா உயிர்களும் வாழக் காற்று, நீர், உணவு ஆகிய மூன்றும் தேவை” என்று எழுதியிருக்கிறது. குளத்தின் அடிச்சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று அதே குறிப்பேடு இரண்டு பக்கம் தள்ளிச் சொல்கிறது. முழங்கால் ஆழச் சேற்றுக்குள் காற்று எப்படிப் போகும்? இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும்.

4 ஜூன், மாலை

முதல் வாக்கியம்தான் தவறு. நீர் எல்லா உயிருக்கும் வேண்டும். ஆற்றலையும் உடலைக் கட்டும் பொருளையும் தருவது எதுவோ அதுவே உணவு என்று விரித்துப் பொருள்கொண்டால் உணவும் வேண்டும். ஆக்சிஜன் மட்டும் கட்டாயமில்லை. ஆக்சிஜன் பட்டாலே இறந்துவிடும் நுண்ணுயிர்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்குச் சேறுதான் பாதுகாப்பான இடம்.

பாக்டீரியா, ஆர்க்கியா, ஈஸ்ட் போன்ற நுண்பூஞ்சைகள், ஒருசெல் பாசிகள், அமீபா போன்ற ஒருசெல் உயிரிகள் எல்லாம் நுண்ணுயிர் என்ற ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. சாதாரணப் பாக்டீரியம் ஒன்றின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஆயிரத்தை வரிசையாக நிறுத்தினாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. இவ்வளவு சிறிய உயிருக்குக் குளம் முழுவதும் ஒரே சூழல் அல்ல. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவுக்குக் குறைவு. மேலிருந்து இறங்கும் கொஞ்சம் ஆக்சிஜனையும் சேற்றின் மேல்தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடனே பயன்படுத்திவிடுவதால், வளமான குளத்துச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே இருக்கும் வாழ்க்கையைப் பற்றித்தான் உங்கள் கேள்வி.

5 ஜூன்

இந்தக் கேள்விக்கு 340 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த சிறு வில்லைகளின் வழியே 1670களில் நீருக்குள் உயிர்களைக் கண்டார். 1680இல் அவர் இடித்த மிளகையும் மழைநீரையும் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒன்றைத் திறந்து வைத்து, மற்றொன்றின் வாயைத் தீயில் உருக்கி அடைத்தார். காற்றில்லாமல் எதுவும் வாழாது என்பதே அவருடைய எண்ணமாகவும் இருந்தது. அடைத்த குழாயைச் சில நாட்கள் கழித்து உடைத்தபோது உள்ளிருந்த நீர் வேகத்துடன் வெளியே பீறிட்டது. அந்த நீரிலும் உயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. குழாய்க்குள் வாயு உருவாகி அழுத்தம் ஏறியிருக்கிறது என்று இன்று நமக்குப் புரிகிறது. டெல்ஃப்ட் நகரிலேயே பணியாற்றிய பையரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர் 1913இல் இதைத் திரும்பச் செய்து பார்த்து, அடைத்த குழாயில் வளர்ந்தவை காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களே என்று காட்டினார்.

அதற்கு முன்பே, 1861இல், பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெண்ணெய் சிக்கடித்து நாறும்போது எழும் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களை அவர் மெல்லிய கண்ணாடித் தகட்டுக்கு அடியில் ஒரு சொட்டாக வைத்துப் பார்த்தார். காற்றுப் படும் விளிம்பில் அவை அசைவற்றுக் கிடந்தன. காற்று எட்டாத நடுப்பகுதியில் சுறுசுறுப்பாக நீந்தின. மாணவர்களிடம் இந்தக் காட்சியைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர், “அப்படியானால் காற்றுதான் அவற்றைக் கொல்கிறதா?” என்று கேட்டுவிடுவார். இந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

9 ஜூன்

சொல்லிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது என்று ஒரு புட்டியைத் தொடங்கியிருக்கிறேன். கீவ் நகரில் 1856இல் பிறந்த நுண்ணுயிரியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி காட்டிய வழி இது. உலகெங்கும் பள்ளிகளில் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள்.

உயரமான கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தின் கரையோரச் சேற்றைக் கல், குச்சி நீக்கிப் பிசைந்து, அதில் ஒரு பகுதியோடு துண்டு துண்டாகக் கிழித்த செய்தித்தாளையும் முட்டையின் மஞ்சள் கருவையும் ஒரு கரண்டி ஜிப்சத்தையும் கலந்து புட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு இட வேண்டும். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது விவசாயிகள் போடும் அதே ஜிப்சம் போதும், உரக்கடையில் கிடைக்கும். அதன்மேல் வெறும் சேறு, அதற்கு மேல் குளத்து நீர், வாயில் இரண்டு விரல் இடைவெளி. குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிவிட்டு, மூடியை இறுக்காமல் வைத்து, வெளிச்சம் வரும் ஆனால் உச்சி வெயில் நேரே அடிக்காத ஜன்னலில் வைத்துவிட வேண்டும். பிறகு எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்கவும் கூடாது.

செய்தித்தாள் கார்பனுக்கு, ஜிப்சம் சல்பேட்டுக்கு, மஞ்சள் கரு கந்தகத்துக்கும் புரதத்துக்கும். விதையாக நாம் எதையும் போடுவதில்லை. எல்லா நுண்ணுயிர்களும் சேற்றில் ஏற்கெனவே இருக்கின்றன. கையுறை அணியுங்கள், அல்லது முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றைத் தொட வேண்டாம். மண்ணில் டெட்டனஸ் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். காற்றோட்டமில்லாத ஆழமான காயம்தான் அவை முளைக்க ஏற்ற இடம்.

11 ஜூன்

இட்லி மாவுக்குக் காற்று வேண்டும் என்பதால்தானே மூடியைத் தளர்த்தி வைக்கிறோம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்காக இல்லை. மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையான லியூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுப்பதில்லை. அது சர்க்கரையை நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. புளிப்பு அந்த அமிலத்தால் வருகிறது. உளுந்தின் புரதமும் வழவழப்பும் வாயுவைப் பிடித்துவைப்பதால் மாவு உப்புகிறது. மூடியைத் தளர்த்துவது அந்த வாயு வெளியேறுவதற்குத்தான். காற்று இருந்தால் அந்தப் பாக்டீரியா சாவதில்லை, இல்லாவிட்டாலும் கவலைப்படுவதில்லை.

ஆகவே நான் 4ஆம் தேதி எழுதியதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் கட்டாயம் வேண்டுவன, ஆக்சிஜனால் சாவன என்ற இரண்டு கட்சிகளோடு கதை முடிவதில்லை. காசநோய்ப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். டெட்டனஸ் பாக்டீரியாவுக்கு ஆகாது. நம் குடலில் இருக்கும் ஈ. கோலை ஆக்சிஜன் இருந்தால் அதைப் பயன்படுத்தும், இல்லாவிட்டால் வேறு வழியில் வாழும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரிக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும், காற்றில் இருக்கும் அளவு கூடாது. லியூக்கோனோஸ்டாக் போன்றவை ஆக்சிஜனைப் பயன்படுத்தாமலே அதைப் பொறுத்துக்கொள்கின்றன.

25 ஜூன்

புட்டியின் அடிப்பகுதி கறுத்துவிட்டது. முதலில் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிச் சிறு புள்ளிகளாகத் தோன்றிய கறுப்பு, இப்போது பட்டையாகப் பரவியிருக்கிறது. மூடியைத் தளர்த்தினால் அழுகிய முட்டை வாடை.

சுவாசம் என்றவுடன் மூக்கும் நுரையீரலும் நினைவுக்கு வருவதால்தான் குழப்பம் எழுகிறது. செல்லின் அளவில் சுவாசம் என்பது உணவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்து, அவற்றை வேறொரு பொருளிடம் ஒப்படைத்து, இடையில் கிடைக்கும் ஆற்றலைச் சேமிக்கும் வேலையே ஆகும். நாம் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம், அது நீராகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டிடமும், மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளிடமும், சல்பேட்டிடமும் ஒப்படைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. சல்பேட்டைப் பெற்றுக்கொண்டவை ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்பைடாகிறது. புட்டியின் கறுப்பு நிறம், அங்கே சல்பேட்டைச் சுவாசிக்கும் உயிர்கள் இருப்பதன் அடையாளம். ஜிப்சம் இட்டது இதற்காகத்தான்.

இவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. கல்யாணப் பந்தியில் முதலில் உட்காருபவர்களுக்கு எல்லாப் பதார்த்தமும் கிடைத்துவிடுவதைப்போல, ஆக்சிஜனைப் பயன்படுத்துபவைக்கே ஆற்றல் மிகுதியாகக் கிடைக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அவை ஏறத்தாழ 30 ஏடிபி (செல் ஆற்றலைச் சேமித்துச் செலவிடும் மூலக்கூறு) எடுக்க, நொதித்தலால் வாழ்பவைக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீஸ், இரும்பு, சல்பேட், கடைசியில் கரியமில வாயு என்று சேற்றில் ஆழம் கூடக் கூட ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது. குறைந்த ஆற்றலில் வாழத் தெரிந்தவை மெதுவாக வளர்கின்றன. நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்று படித்துவிட்டு எல்லா நுண்ணுயிரும் அப்படியே பெருகும் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அடிச்சேற்றில் அந்த அவசரம் கிடையாது.

26 ஜூன்

நேற்று வாடையைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டேன். அது போதாது என்று இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது.

புட்டியில் கொஞ்சமாக எழும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் மூடிய கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் தேங்கி, உள்ளே இறக்கப்படும் தொழிலாளர்களைக் கொல்கிறது. மிகக் குறைந்த அளவிலேயே நாம் அதை மோந்து அறிந்துவிடுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது அது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்கிறது. வாடை நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர் அந்த இடத்தில்தான் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். இதனோடு மீத்தேனும் சேர்ந்திருக்கும், ஆக்சிஜனோ இருக்காது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்த பிறகும் சாவுச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. நுண்ணுயிரியல் பாடம் நடத்தும் எவரும் இந்த வாயு எங்கிருந்து வருகிறது, யாரைக் கொல்கிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு ஆளை இறக்காதீர்கள், இயந்திரத்தை அழையுங்கள்.

2 ஜூலை

நெல் வயலின் சேற்றிலும் இப்படித்தான் நடக்கிறதா என்று கேட்டவருக்கு: ஆம், நீர் கட்டிய நெல் வயலும் இதே புட்டிதான், பரப்பு மட்டும் பெரிது. சேற்றில் கால் வைத்ததும் குமிழ் குமிழாக எழுவதில் பெரும்பங்கு மீத்தேன். இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழ்களைப் பிடித்து, அந்த வாயு எரியும் என்று 1776இல் வோல்டா காட்டினார்.

மீத்தேனை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள் அல்ல, அவை ஆர்க்கியா. பார்வைக்குப் பாக்டீரியா போலவே இருந்தாலும், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, இவை தனிப் பெருங்கிளை என்று 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அறிவித்தார்கள். சாண எரிவாயுக் கலத்திலும் மாட்டின் முதல் இரைப்பையிலும் இவைதான் வேலை செய்கின்றன. பிற உயிர்கள் கைவிட்ட ஹைட்ரஜன், கரியமில வாயு, அசிட்டேட் ஆகியவையே இவற்றின் வாழ்வாதாரம்.

வேளாண் துறை பரிந்துரைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நீரைச் சேமிப்பதற்கு என்றே பலரும் அறிவர். வயலைக் காயவிடும்போது மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்குவதால் மீத்தேன் ஆர்க்கியாக்கள் முடங்குகின்றன. மீத்தேனை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. நெல்லின் வேரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் செம்பழுப்புப் பூச்சு தெரியும். தண்டிலுள்ள காற்றுக் குழல்களின் வழியே பயிர் வேருக்கு ஆக்சிஜனை அனுப்ப, அது கசிந்து இரும்பைத் துருவாக மாற்றுவதால் வரும் பூச்சு அது. வேர் கறுத்திருந்தால் சல்பைடு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம்.

16 ஜூலை

காற்று ஏன் கொல்கிறது? ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஆசையோடு இழுக்கும் பொருள். செல்லுக்குள் நுழையும் ஆக்சிஜனில் ஒரு பகுதி, நீராக மாறத் தேவையான எலக்ட்ரான்களில் சிலவற்றை மட்டும் பெற்று, சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறி, புரதங்களையும் மரபுப் பொருளையும் சிதைக்கிறது. நம் செல்களிலும் இது நிகழ்கிறது. அவற்றை உடனுக்குடன் அழிக்கும் நொதிகள் நம்மிடம் உண்டு. சூப்பராக்சைடை அழிக்கும் நொதியை 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். காற்றில்லாமல் வாழும் உயிர்கள் பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை அல்லது போதாமல் இருக்கிறது. சிலவற்றின் முக்கிய நொதிகளில் உள்ள இரும்பு-கந்தகப் பகுதியையே ஆக்சிஜன் குலைத்துவிடுகிறது.

இதை நான் பூமியின் வயதோடு சேர்த்துப் பார்க்கிறேன். உயிர் தோன்றி நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வளிமண்டலத்தில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. நீரைப் பிளந்து ஒளிச்சேர்க்கை செய்யக் கற்ற சயனோபாக்டீரியாக்கள் கழிவாக வெளியிட்ட ஆக்சிஜன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. அன்று வாழ்ந்த பெரும்பாலான உயிர்களுக்கு அது நஞ்சு. சேறு, கடலடி, பின்னர் தோன்றிய விலங்குகளின் குடல் என்று ஆக்சிஜன் எட்டாத இடங்களில் அவற்றின் வழிவந்தவை இன்றும் வாழ்கின்றன. ஆகவே, “காற்றில்லாமலும் வாழும் சில விதிவிலக்குகள்” என்று மாணவர்களுக்குச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பழைய வழி அவர்களுடையது. நாம் பின்னால் வந்தவர்கள்.

30 ஜூலை

நிறம் வந்துவிட்டது! கறுப்புக்குச் சற்று மேலே மங்கிய பச்சைத் திட்டுகள். அவற்றுக்கும் மேலே நாவல் பழச் சாறு பூசியதுபோன்ற ஊதா.

இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள், ஆனால் ஆக்சிஜனை வெளிவிடாதவை. செடி நீரைப் பிளக்கும் இடத்தில் இவை ஹைட்ரஜன் சல்பைடைப் பிளக்கின்றன; ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகம் மிஞ்சுகிறது. ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்களில் பல அந்தக் கந்தகத்தைத் துளிகளாக உடலுக்குள்ளேயே சேர்த்துவைத்துக்கொள்கின்றன. பச்சை இனம் மிகுந்த சல்பைடைத் தாங்கும் என்பதால் கீழே தங்குகிறது. ஊதா இனம் குறைந்த சல்பைடை நாடி மேலே ஏறுகிறது. மேலிருக்கும் பாசிகள் பயன்படுத்தாமல் விடும், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் ஊதா இனம் பயன்படுத்துகிறது.

கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வான் நீல், 1930களில் இந்தப் பாக்டீரியாக்களை ஆராய்ந்தபோது ஓர் ஊகத்தை முன்வைத்தார். இவை ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து கந்தகத்தை விடுகின்றன என்றால், செடிகள் விடும் ஆக்சிஜனும் நீரிலிருந்துதான் வர வேண்டும். கரியமில வாயுவிலிருந்து அல்ல. 1941இல் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு செய்த சோதனை அதை உறுதிப்படுத்தியது. ஒரு மரம் எப்படி ஆக்சிஜன் தருகிறது என்பதற்கான துப்பு நாறும் சேற்றில் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

6 ஆகஸ்ட்

நிலக்கடலையின் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா ஆக்சிஜன் வேண்டும் வகையா, ஆகாத வகையா என்று கேட்டவருக்கு: இரண்டும் கெட்டான் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது மிக நுட்பமான ஏற்பாடு. முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவுக்குச் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உரமாக்கும் அதன் நைட்ரஜனேஸ் நொதியோ ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் அங்கே ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்து, தேவைக்கு மட்டும் விடுகிறது. உயிர்ப்பான முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது வேலையை நிறுத்திவிட்டது.

20 ஆகஸ்ட்

புட்டியின் ஒரு பக்கத்தைத் தொடக்கத்திலேயே கறுப்புத் தாளால் மூடியிருந்தேன். இன்று அதைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தில் ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. கறுப்பு மட்டும் இருந்தது. சல்பேட்டைச் சுவாசிப்பவைக்கு ஒளி வேண்டாம், நிறமுள்ளவைக்கு வேண்டும். பள்ளியில் செய்பவர்கள் இந்தத் தாளைத் தவறவிடாதீர்கள். மாணவர்கள் தாங்களே முடிவுக்கு வருவது இங்கேதான்.

சேறும் நீரும் சந்திக்கும் கோட்டில் வெண்ணிறப் படலமும் இருக்கிறது. நுண்ணோக்கியில் நீண்ட இழைகள் தெரிந்தால் பெக்கியடோவா என்ற கந்தகப் பாக்டீரியாவாக இருக்கக்கூடும். கீழிருந்து சல்பைடும் மேலிருந்து ஆக்சிஜனும் சந்திக்கும் அந்த மெல்லிய கோட்டைத் தவிர அதற்கு வேறு இடமில்லை. 1887இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இதை ஆராய்ந்தே, கனிமப் பொருளை எரித்து ஆற்றல் பெறும் உயிர்கள் உண்டு என்று வினோகிராட்ஸ்கி அறிவித்தார். சில ஆண்டுகள் கழித்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றி வாழும் மண் பாக்டீரியாக்களையும் அவர் பிரித்துக் காட்டினார். வயலில் இடும் யூரியா எங்கே போகிறது என்று கேட்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது.

3 செப்டம்பர்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கொண்டு புட்டி வைக்கலாமா என்று சிதம்பரத்திலிருந்து ஒரு தோழி கேட்டிருக்கிறார். கடல்நீர் கலந்த சேறு என்றால் ஜிப்சம் தேவையில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. குளத்துச் சேற்றைவிட விரைவாகக் கறுக்கும், வாடையும் கூடுதலாக இருக்கும். மீத்தேன் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் சல்பேட் உள்ளவரை அதைச் சுவாசிப்பவை ஹைட்ரஜனை முந்திக்கொண்டு எடுத்துவிடுகின்றன. சில அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே சுவாச வேர்களை நீட்டுவதற்கும் அடியில் ஆக்சிஜன் இல்லாததே காரணம்.

கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், அலையாத்தி நீரில் மூழ்கிய இலைகளின்மீது வாழும் தியோமார்கரிட்டா மாக்னிஃபிகா என்ற கந்தகப் பாக்டீரியாவை 2022இல் அறிவித்தார்கள். ஒரே செல், நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். வெறும் கண்ணுக்கே தெரியும். நுண்ணுயிர் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்று 4 ஜூனில் நான் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

காட்டுக்குள் போய்த் தோண்ட வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட பகுதி. வெள்ளாற்றின் முகத்துவாரக் கரையில் ஒரு வாளிச் சேறு எடுத்தால் போதும். அங்கேயே ஒரு புட்டி நீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் நீரை ஊற்றினால் அதிலிருக்கும் குளோரின் மேலடுக்கைக் கெடுத்துவிடும்.